பல் படாமல் அவிழ்ந்த முடிச்சு

நான் ஒரு சிப்பியை உடைத்தேன். உடைத்ததை மறைக்க, அதன் இடத்தில் வேறொரு சிப்பியை எடுத்து வைத்தேன். அதனால், ஒரு டம்ளர் காபியை இருவராகப் பங்கு போட்டுக் குடித்த இரண்டு சிநேகிதர்கள் நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பேசிக்கொள்ளவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பள்ளிச் சான்றிதழ்படி பன்னிரண்டு. அந்த ஒரு வருட வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டால் ஐந்து வயது. எனக்கு எட்டவில்லை. அம்மா என் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டினாள். வாத்தியார் சீட்டைப் பார்க்காமல் என் காதையே பார்த்தார். மறு வருடம் தொட்டேன். தொட்ட வருடத்தில் எனக்கு ஐந்து என்று எழுதிக்கொண்டார்கள். அப்பாவுக்கு நடந்தது இதைவிட மோசம். கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியர் அந்த வருடம் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் மாதத்தில் ஒரே தேதியையும் ஒரே வருடத்தையும் பிறந்தநாளாகப் போட்டுவிட்டார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு, உண்மை வயதுக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு வரவிருந்தது. அந்தக் கோபம் சாப்பாட்டு நேரத்தில் யார் மேலாவது இறங்கும். பெரும்பாலும் மாமா மேல்.

மாமா அம்மாவின் தம்பி. கல்லூரியில் நிலவியல் ஆராய்ச்சி மாணவர். பாலக்கரையில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். அவர் கட்டிலுக்கடியில் காடாத்துணிப் பைகள் வரிசையாக இருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரின் செம்மண் ஓடைகளிலிருந்து பொறுக்கி வந்த சிப்பிகள் அவற்றில் இருந்தன. நத்தைபோலச் சுருண்டு கல்லாகிப் போனவை. அந்த இடம் ஒருகாலத்தில் கடலாக இருந்ததாம். பத்துக் கோடி வருடம் ஆகிறதாம்.

“என் வயசையே கவர்மெண்டு தப்பா எழுதி வச்சிருக்கு மாப்ள. நீ நத்தைக்கு வயசு சொல்ற. அதோட ஞானஸ்நானத்துக்கு நீ போயிருந்தியா?” என்பார் அப்பா.

ஒரு நாள் மாமா திருப்பிக் கேட்டார்: “உங்க வயசு தப்புன்னு உங்களுக்கு எப்படிங்க மச்சான் தெரியும்?”

“கோயில் பதிவேட்டுல இருக்குல்ல.”

“சாமியார் தப்பா எழுதியிருந்தா?”

“எங்க ஆத்தா சொல்லும், நான் பொறந்தப்ப கிணறு வத்திப்போச்சுன்னு. அந்த வருஷம் ஊருக்கே தெரியும். அதுவும் போவட்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கல்யாணத்துல நான் கைப்புள்ள. அந்தக் கல்யாணப் பத்திரிகை இன்னும் அவங்க வீட்ல கெடக்கு.”

“சாமியாரு, உங்க அம்மா, பத்திரிகை அடிச்ச பிரஸ்காரரு. மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து பேசி வச்சுக்கிட்டாங்களா?”

“அவங்க எதுக்குப் பேசணும்?”

“பேசிக்காமலே மூணு பேரும் ஒரே வருஷத்தச் சொல்றாங்க. ஹெட்மாஸ்டர் மட்டும் வேற சொல்றாரு. நீங்க யாரை நம்புறீங்க? நாங்களும் அதைத்தாங்க செய்றோம்.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்துபோய்ச் சுவரைக் காட்டினார். முந்தின வருடம் ஊரில் வெள்ளம் புகுந்தபோது எங்கள் கூடத்திலும் தண்ணீர் நின்றது. சேற்றுக் கறைக்கு மேல் சுண்ணாம்பு அடித்திருந்தோம். சுண்ணாம்பின் மேல் காலண்டர் மாட்ட ஒரு ஆணி. “எது முன்னாடி வந்தது, எது பின்னாடின்னு யாரும் சொல்ல வேண்டாம், சுவரே சொல்லும். பூமியும் அப்படித்தான். அடியில இருக்கறது பழசு. எந்த அடுக்குல எந்தச் சிப்பின்னு நூறு வருஷத்துக்கும் மேல எத்தனையோ தேசத்துல பாத்திருக்காங்க. வரிசை ஒண்ணுதான்.”

“வரிசை சரி. பத்துக் கோடிங்கறது எங்கேர்ந்து வந்தது?”

அதற்கும் பதில் வைத்திருந்தார். எரிமலை கக்கிய சாம்பல் பாறையில் சில பொருட்கள் ஒரே வேகத்தில் வேறு பொருளாக மாறிக்கொண்டிருக்கும். சுட்டாலும் நசுக்கினாலும் அந்த வேகம் கூடாது, குறையாது. சோதனைக்கூடங்களில் செய்து பார்த்துவிட்டார்கள். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் பாறையின் வயது தெரியும். காரையில் அந்தச் சாம்பல் இல்லை. ஆனால் இதே சிப்பிகள் வேறு தேசங்களில் சாம்பல் அடுக்குகளுக்கு நடுவில் கிடக்கின்றன. அங்கே ஒருவர் யுரேனியத்தை வைத்து அளக்கிறார், இன்னொருவர் பொட்டாசியத்தை வைத்து.

“ஒரு கடியாரம் ஓடாம நின்னுடும் மச்சான். பாறை மறுபடி சூடானா கணக்குக் கெட்டுப்போகும், அதுவும் எங்களுக்குத் தெரியும். அதனாலதான் ஒண்ண மட்டும் நம்புறதில்ல. வேற வேற கம்பெனிக் கடியாரம் நாலும் ஒரே மணியக் காட்டினா, அப்புறமும் சந்தேகப்படுவீங்களா?”

“எனக்கு ஒரு கடியாரந்தான் இருக்கு. அதுவும் உங்க வீட்ல போட்டது, ஓடல” என்றார் அப்பா. அம்மா அடுப்படியிலிருந்து ஏதோ பதில் சொன்னாள். சிரித்துக்கொண்டு எழுந்தோம்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் இன்னொருவரும் இருப்பார். மாமாவோடு ஆராய்ச்சி செய்தவர். ஸ்ரீரங்கத்தில் வீடு, வைஷ்ணவக் குடும்பம். அப்பா அவரை ஸ்ரீரங்கத்தார் என்பார், அதனால் எனக்கும் ஸ்ரீரங்கத்தார்தான். சத்திரம் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்து இருவரும் காரைக்குப் போவார்கள். பையும் மண்ணுமாகத் திரும்பி எங்கள் வீட்டில் இறங்குவார்கள். “அக்கா, ஒரு வாய் காபி கிடைக்குமா?” என்று கேட்டுக்கொண்டே நுழைவார். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. அவர் வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே காபி கலப்பாள்.

அவருடைய வீட்டுப் பெருமாள் சன்னதியில் சாளக்கிராமம் உண்டு. அதுவும் இந்த மாதிரிச் சுருள் சிப்பிதான் என்று அவரே சொன்னார். “அப்பா சக்கரம்னு சேவிக்கறார். நான் அம்மோனைட்னு படிக்கறேன். ஆனா ரெண்டு பேருமே அதைக் கீழ போட மாட்டோம்.”

பைகளைக் கட்டுவது எப்போதும் அவர்தான். சணல் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். மாமாவால் அதைக் கையால் அவிழ்க்கவே முடியாது. குனிந்து பல்லால் கடித்து இழுப்பார். “பல்லு போயிடும்டா, கத்தரிக்கோல் எடுத்துக்க” என்று அம்மா சத்தம் போடுவாள். “ஐயங்கார் முடிச்சு அக்கா, கத்தரிச்சா பாவம்” என்பார் மாமா.

ஒரு சனிக்கிழமை வீட்டில் யாரும் இல்லை. மாமா கல்லூரிக்குப் போயிருந்தார், அம்மா மார்க்கெட்டுக்கு. கட்டிலுக்கடியில் அந்த வாரம் வந்த பைகள் இருந்தன. காரையின் மேல் அடுக்குப் பாறையில் பொறுக்கிய பை இளைத்துக் கிடந்தது. அதில் சிறுசுகளோடு பெரிய சிப்பி ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக முந்தின மாலை பேசிக்கொண்டார்கள். மண் அப்பியிருக்கிறது, கழுவினால்தான் என்னவென்று தெரியும் என்றார்கள். கீழ் அடுக்கின் பை பிதுங்கிக்கொண்டிருந்தது.

பெரிய சிப்பியைப் பார்க்க ஆசைப்பட்டேன். நகத்தாலும் பல்லாலும் போராடி முடிச்சை அவிழ்த்தேன். கையில் எடுத்ததும், இதைப் பம்பரம்போலச் சுற்றவைத்தால் என்ன என்று தோன்றியது. கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் வைத்துச் சுற்றினேன். சுற்றியது. நழுவி விழுந்து உடைந்தது.

அழுகை வரவில்லை. மூளைதான் வேலை செய்தது. கீழ் அடுக்குப் பையிலிருந்து ஏறக்குறைய அதே அளவில், அதே மாதிரி மண் அப்பிய ஒன்றை எடுத்து இந்தப் பையில் போட்டேன். அங்கே நிறைய இருந்தன, ஒன்று குறைந்தால் தெரியாது. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பையின் முடிச்சு இளகிக் கிடந்ததால் இறுக்கிவிட்டால் போதுமாயிருந்தது. ஆனால் மேல் அடுக்குப் பையின் முடிச்சை அவர் கட்டியதுபோல் திரும்பக் கட்ட எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கட்டு பள்ளிக்கூடத்து ஷூ கட்டுவது. இரண்டு காது வைத்துக் கட்டினேன். உடைந்த துண்டுகளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் உய்யக்கொண்டான் வாய்க்காலில் எறிந்தேன்.

நாலைந்து நாள் கழித்து மாமா அந்தப் பையைப் பிரித்துச் சிப்பியைக் கழுவினார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது கொல்லையில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைத் தூக்கிச் சுற்றினார். கீழ் அடுக்கோடு அழிந்துபோனது என்று எல்லாரும் நினைத்த ஒரு வகை, மேல் அடுக்கிலும் கிடைத்திருக்கிறது. “உன் மாமா பேரு புஸ்தகத்துல வரப்போகுதுடா!” என்றார். நானும் சிரித்தேன்.

ஸ்ரீரங்கத்தார் வந்து பார்த்தார். சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒத்தைச் சிப்பிய வெச்சுண்டு ஊரைக் கூட்டாதேடா. இதோட சுருளுக்குள்ள இருக்கற மண்ணை எடுத்து மைக்ராஸ்கோப்புல பாரு” என்றார்.

“ஏன், எனக்குக் கெடச்சதுன்னா உனக்கு வலிக்குதா?”

“ஆமா, ரொம்ப வலிக்கறது. அக்கா, இவனுக்குக் காபி குடுக்காதீங்கோ, எனக்கு மட்டும் குடுங்கோ.”

சிரிப்பாகத்தான் முடிந்தது. ஆனால் மாமா மண்ணை எடுத்துப் பார்க்கவில்லை. பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டார். துறையில் எல்லார் முன்னிலும் பேசவும் நாள் குறித்தார்கள். துறையில் ஒரு வேலையிடம் வரவிருந்தது. இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். மாமா வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டதும் அந்த நினைப்பு ஓடிவிடும். பத்துக் கோடி வருடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் போன சனிக்கிழமையைக் கண்டுபிடிக்க மாட்டார்களா? மைக்ராஸ்கோப்பில் என் கைரேகை தெரியும் என்று உறுதியாக நம்பினேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, என் முறை வரும்போது, பொய் சொன்னேன் சாமி, என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பேராசிரியர் நம்பவில்லை. மாமா பேசி முடித்ததும் அவர் கேட்டது ஸ்ரீரங்கத்தார் கேட்டதையேதான்: சுருளுக்குள் இருக்கிற மண் எங்கே? எடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடிச் சிப்பிகள் அதில் இருந்தன. எல்லாம் கீழ் அடுக்கைச் சேர்ந்தவை. பேராசிரியரே காரைக்குப் போய் மேல் அடுக்கை நாள் முழுக்கத் தேடினார். அந்த வகையில் இன்னொன்று அங்கே இல்லை. நூறு வருடமாகப் பலர் பார்த்து வைத்த வரிசை என் ஒரு சிப்பிக்காக அசைந்து கொடுக்கவில்லை. சிப்பி இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். யார் மாற்றினார்கள் என்று சிப்பி சொல்லவில்லை.

“பையைக் கட்டினது யார்?” என்று பேராசிரியர் கேட்டாராம். மாமா ஸ்ரீரங்கத்தாரைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வழக்கம்போலக் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா கூடத்தில் நின்றபடியே பேசினார்.

“மண்ணப் பாருன்னு மொதல்ல சொன்னது நீ. அது உனக்கு எப்படித் தெரியும்?”

“யாராயிருந்தாலும் அதைத்தானேடா சொல்லுவா?”

“எல்லார் முன்னாடியும் என்ன நிக்க வச்சுப் பாக்கணும்னு ஆசை. வேலை உனக்கு வந்துடுமில்ல.”

“நான் சரியாத்தான்டா கட்டினேன்.” தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “சரியாக் கட்டினேன்னுதான் நெனச்சுண்டிருக்கேன்.”

“நெனச்சுண்டிருக்கியா!”

நான் பள்ளிக்கூட ஷூவைக் கழற்றாமலே கதவுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தார் எதற்கோ என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். தலை நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். காபி அப்படியே இருந்தது.

அப்பாதான் பேசினார். “கல்லுக்கு நாலு சாட்சி கேட்ட மாப்ள. மனுசனுக்கு ஒண்ணே போதுமா?”

சில மாதங்களில் ஸ்ரீரங்கத்தார் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, வடக்கே எங்கோ நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். வேலையிடம் மாமாவுக்குக் கிடைத்தது.

பிறகு வாழ்க்கை நடந்தது. நான் படித்தேன், வேலைக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் காலமானார்கள். மாமா பெரிய பேராசிரியராகி ஓய்வு பெற்றார். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, அறுபது ஆகிவிட்டது என்று வாழ்த்தினார்கள். எனக்கு அறுபத்தொன்று. அப்பாவுக்குத் தப்பான வயதால் இரண்டு வருடம் போயிற்று. எனக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்திருந்தது. பொய் எனக்கு எப்போதும் லாபமாகவே இருந்திருக்கிறது என்று மாலையோடு உட்கார்ந்திருக்கையில் தோன்றியது. அந்த வாரமே கே.கே. நகரில் மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. “எந்தப் பையிலேர்ந்து எடுத்த?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப உடைஞ்சது எது?” என்றார். தெரியாது என்றேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “அவன் திரும்பி வந்து ஸ்ரீரங்கத்துலதான் இருக்கான். ரெண்டு தடவ கடைத்தெருவுல பாத்தேன், வேற பக்கம் திரும்பிட்டேன். நீ போய்ச் சொல்லு. என்னால முடியாது.”

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். காவிரிப் படித்துறை இருக்கும் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. ஸ்ரீரங்கத்தாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று சொன்னதும், “அக்கா பிள்ளையா!” என்று உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் சிரித்தார். நான் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை.

“உங்க மாமா அனுப்பிச்சானா?”

“போய்ச் சொல்லுன்னாருங்க. ஆனா நானாத்தான் அவர்கிட்டயும் சொன்னேன்.”

“ஒத்தை ஆள், ஒத்தை வாக்குமூலம். வர வேண்டிய காலத்துல வராம, இத்தனை வருஷம் கழிச்சு வந்து கெடக்கு. இதை நான் எப்படி நம்பறது? வயசாயிடுத்து, ரெண்டு கிழமும் சமாதானமாப் போகட்டும்னு ஜோடிச்சுண்டு வந்திருக்கேளா?”

நம்பப்படாமல் போவேன் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. என்னிடம் சாட்சி ஒன்றும் இல்லை. துண்டுகள் வாய்க்காலோடு போயிருந்தன. வாயில் வந்தபடி, “உங்க முடிச்ச எனக்குத் திருப்பிக் கட்டத் தெரியலிங்க. ஷூ கயிறு மாதிரிக் கட்டி வச்சேன்” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. “இதை மாமாகிட்ட சொன்னியா?”

“இல்லிங்க. இப்பத்தான் ஞாபகம் வந்தது.”

“சொல்லலையே? நன்னா யோசிச்சுச் சொல்லு.”

“சொல்லல.”

மாமாவின் எண்ணைக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“நான்தான்டா” என்றார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. அன்னிக்கு அந்தப் பையை நீதானே பிரிச்சே? எப்படிப் பிரிச்சே?”

“எப்படின்னா... கயித்த இழுத்தேன். வந்துடுச்சு.”

“பல்லு?”

மாமாவின் குரல் தணிந்து வந்தது. “இல்லடா. பல்லு படல.”

ஸ்ரீரங்கத்தார் போனை மடியில் வைத்துக்கொண்டார். “நான் என்னைத்தான் சந்தேகப்பட்டுண்டிருந்தேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “உங்க மாமா சொன்னதுக்காக நான் விட்டுட்டுப் போகலை. நானே கை மறதியா மாத்திப் போட்டிருப்பேனோன்னு. சுரங்கத்துலயும் எந்தப் பையைக் கட்டினாலும் மறுபடி பிரிச்சுப் பாப்பேன். கூட இருக்கறவா சிரிப்பா.”

மடியிலிருந்து மாமா பேசினார். “டேய், அந்த உடைஞ்சது எதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? எடுக்கறப்ப நீதான பாத்த?”

“எங்கேடா பாத்தேன், மண்ணா இருந்தது. ஆனா முதுகுல வரி இருந்த மாதிரி...”

“வரியா? வளைஞ்சா, நேராவா?”

அதற்குப் பிறகு நான் அங்கே இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, “குடி, ஆறிடும்” என்றார் ஸ்ரீரங்கத்தார். மன்னித்தேன் என்று இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் நேரில் சந்திக்கவில்லை. போனில் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் அந்த உடைந்த சிப்பியைப் பற்றி.

என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்றுதான் அன்று பயந்தேன். கண்டுபிடிக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட மாட்டார்கள், நான் செய்த மாதிரியே அங்கே வேறொருவரை எடுத்து வைத்துவிடுவார்கள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.